கீமோவில் கொட்டும் முடிக்கு மூலிகை: எதைத் தடவலாம், எதை விடலாம்

கீமோ, அதாவது புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை, தொடங்கப்போகிறது என்று தெரிந்ததுமே சுற்றி இருப்பவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். ஒருவர் வெங்காயச் சாறு என்பார். இன்னொருவர் ரோஸ்மேரி எண்ணெய் என்பார். கரிசலாங்கண்ணியை அரைத்துப் பூசச் சொல்பவர் ஒருவர், ஏதோ ஒரு கேப்ஸ்யூல் டப்பாவைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புபவர் இன்னொருவர். எல்லாரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை வேறு காரணத்தால் முடி கொட்டியவர்களுக்கான வைத்தியம் என்பதுதான் சிக்கல்.

அதனால் எந்த மூலிகையின் பெயர் காதில் விழுந்தாலும் மூன்றே கேள்வி கேளுங்கள். இதை எந்த வகை முடி உதிர்வுக்குச் சோதித்தார்கள்? தலையில் தடவுவதா, உள்ளுக்குச் சாப்பிடுவதா? கீமோ நடக்கும்போதா, முடிந்த பிறகா? முக்கால்வாசி வைத்தியங்கள் இந்த மூன்றிலேயே கழிந்துவிடும்.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். முடி கொட்டாமல் தடுக்க வேண்டுமா? அதற்கு நிரூபணமான செடி எதுவும் இல்லை, தலையைக் குளிரவைக்கும் கூலிங் கேப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். கீமோ நடக்கும்போது தலைத்தோலுக்கு இதமாக ஏதாவது வேண்டுமா? கொஞ்சம் தேங்காய் எண்ணெய் அல்லது கற்றாழை ஜெல் போதும். கீமோ முடிந்து முடி முளைக்கும்போது ஏதாவது முயன்று பார்க்க ஆசையா? ரோஸ்மேரிக்குச் சின்னதாக ஒரு நியாயம் இருக்கிறது. முடிக்காக உள்ளுக்குச் சாப்பிடும் மூலிகை? வேண்டாம். இதை மட்டும் அழுத்தியே சொல்கிறேன்.

கொட்டுவது எப்படி

தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கிறது. அதில் 85 முதல் 90 சதவீதம் எப்போதும் வளரும் பருவத்தில் இருக்கும். அந்த முடிகளின் அடியில், மயிர்க்காலுக்குள் இருக்கும் செல்கள் உடம்பிலேயே மிக வேகமாகப் பெருகுபவை. வேகமாகப் பெருகும் செல்களை அடிப்பதுதான் கீமோ மருந்தின் வேலை. அது புற்றுச் செல், இது மயிர்க்கால் செல் என்று மருந்துக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. செல்கள் பெருகுவது நின்றதும் முடி வேர்ப்பக்கம் மெலிந்து, மெலிந்த இடத்தில் முறிந்து விழுகிறது. பெரும்பாலும் முதல் டோஸ் ஏறி இரண்டு, மூன்று வாரத்தில் இது தொடங்கும். அதற்கு ஓரிரு நாள் முன்பே பலருக்குத் தலைத்தோல் நோக ஆரம்பிக்கும். தலையணையில் சாய்ந்தால் சுரீர் என்றிருக்கும், பின்னலை அவிழ்த்தால் வேர் வேராக வலிக்கும். அப்புறம் ஒருநாள் குளிக்கும்போது விரலை விட்டால் கொத்தாகக் கையோடு வரும்.

வழுக்கை விழுவது வேறு கதை. அங்கே ஹார்மோனின் தாக்கத்தால் மயிர்க்கால்கள் வருடக்கணக்கில் சிறுத்துக்கொண்டே போகின்றன. புழுவெட்டு அதிலும் வேறு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மயிர்க்காலைத் தாக்குவதால் வட்டவட்டமாகக் கொட்டுகிறது. காய்ச்சல், பிரசவம் போன்றவற்றுக்குப் பின் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டுவது நான்காவது வகை. இவற்றில் ஒன்றுக்குக் கேட்ட மருந்து இன்னொன்றுக்கும் கேட்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

"எனக்கு வேலை செய்தது" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டு விஷயம் அவர்கள் கண்ணை மறைக்கிறது. ஒன்று, எல்லாக் கீமோவும் முடியை ஒரே மாதிரி கொட்டச் செய்வதில்லை. டாக்சோரூபிசின், பாக்லிடாக்செல், டோசிடாக்செல் போன்றவை பெரும்பாலானவர்களுக்குத் தலையைக் காலி செய்துவிடும். 5-ஃப்ளூரோயூராசில், மெத்தோட்ரெக்சேட் போன்றவற்றில் பலருக்கு முடி கொஞ்சம் மெலிவதோடு சரி. பின்னதை எடுத்தவர் ஏதோ ஒரு எண்ணெயைத் தடவியிருந்தால், முடி தங்கியதற்கு எண்ணெய்தான் காரணம் என்று நம்பிவிடுவார். இரண்டாவது, மயிர்க்காலின் மூல செல்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வதால் கீமோ முடிந்ததும் முடி தானாகவே முளைக்கும். அந்தச் சமயத்தில் எதைத் தடவிக்கொண்டிருந்தாரோ அது பெயரைத் தட்டிக்கொண்டு போய்விடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "செடிதானே, கெடுதல் என்ன செய்துவிடும்" என்ற பேச்சு இந்த விஷயத்தில் செல்லவே செல்லாது. முடியைக் கொட்டச் செய்யும் பாக்லிடாக்செல் பசிபிக் யூ மரத்தின் பட்டையில் கண்டெடுக்கப்பட்டது. வின்கிறிஸ்டின் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வந்தது. எட்டோபோசைடுக்கு மூலப்பொருள் மேஆப்பிள் என்ற செடியின் வேர்ப்பகுதியில் கிடைக்கிறது. அதாவது சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏறுவதே பல நேரம் செடிச் சரக்குதான்.

அளவுகோலாக இரண்டு

மூலிகைகளை ஒப்பிட வேண்டுமானால், மூலிகை அல்லாத இரண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

முதலாவது கூலிங் கேப். மருந்து ஏறுவதற்குச் சுமார் அரை மணி நேரம் முன்பு தொடங்கி, ஏறி முடிந்த பிறகும் ஒன்றரை மணி நேரம் போலத் தலையைக் குளிரவைக்கும் கருவி. குளிரில் தலைத்தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கும், மயிர்க்காலுக்குப் போகும் மருந்து குறையும், அங்கே செல்களின் வேகமும் தணியும். 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த பெண்களில் கேப் போட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முடி தங்கியது. போடாதவர்களில் ஒருவருக்குக்கூடத் தங்கவில்லை. தங்கியது என்றால் முழுசாக அல்ல, பாதிக்கும் குறைவாகக் கொட்டியது என்று அர்த்தம். குளிர், தலைவலி, கூடுதலாக உட்கார வேண்டிய நேரம் எல்லாம் உண்டு. டாக்சோரூபிசின் வகை மருந்துகளோடு பலன் குறைவு. இரத்தப் புற்றுநோய்க்காரர்களுக்கு இது பொருந்தாது. எல்லா மருத்துவமனையிலும் இருப்பதும் இல்லை. முதல் டோஸிலேயே தொடங்க வேண்டும் என்பதால், கேட்பதானால் முதல் தேதிக்கு முன்பே கேட்டுவிடுங்கள். கேப் தலையோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் குளிர்ச்சி இறங்கும். அதனால் அன்று தலையில் எண்ணெய் இருக்கலாமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இரண்டாவது மினாக்சிடில், வழுக்கைக்குத் தலையில் தடவும் மருந்து. 1996-இல் மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த பெண்களிடம் 2 சதவீதக் கரைசலைத் தடவிப் பார்த்தார்கள். முடி கொட்டுவதை அது தடுக்கவில்லை. ஆனால் முழுசாகக் கொட்டியதிலிருந்து மறுபடி முளைக்கும் வரையிலான காலம் சராசரியாக 50 நாள் குறைந்தது. மாயமெல்லாம் இல்லை. என்றாலும் கீமோ நோயாளிகளிடமே சோதித்து வந்த முடிவு. மூலிகைகளிடமும் நாம் கேட்க வேண்டியது இந்த மாதிரிச் சான்றைத்தான்.

தலையில் தடவுபவை

வெங்காயச் சாற்றிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் அதிகம் பரிந்துரைக்கப்படுவது அதுதான். அதன் புகழுக்குப் பின்னால் 2002-இல் வந்த ஒரு சிறிய ஆய்வு இருக்கிறது. தினமும் இரண்டு வேளை சாறு தடவியவர்களில் பெரும்பாலானோருக்கு ஆறு வாரத்தில் முடி முளைத்தது, வெறும் தண்ணீர் தடவியவர்களில் சிலருக்குத்தான் முளைத்தது. கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் அவர்கள் எல்லாரும் புழுவெட்டு உள்ளவர்கள். தோலைக் கொஞ்சம் எரியவைத்து எதிர்ப்புச் சக்தியைத் திசைதிருப்புவது அங்கே உதவியிருக்கலாம். கீமோவில் ஏற்கெனவே நொந்துபோன தலைத்தோலில் அதே எரிச்சல் வெறும் தண்டனை. குமட்டலோடு படுத்திருப்பவரின் தலையிலேயே வெங்காய வாடை அடித்தால் எப்படி இருக்கும் என்பதையும் யோசித்துப் பாருங்கள். ஒரு வாய்க் கஞ்சி உள்ளே போவதே பெரும்பாடாக இருக்கும் நாட்கள் அவை. பட்டியலில் நான் முதலில் அடிப்பது இதைத்தான்.

ரோஸ்மேரி எண்ணெய்க்குக் கொஞ்சம் மரியாதை தரலாம். 2015-இல் ஈரானில் வழுக்கை விழத் தொடங்கிய 100 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ரோஸ்மேரி எண்ணெயும் மறு பாதிக்கு 2 சதவீத மினாக்சிடிலும் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் இரு தரப்பிலும் முடி எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒரே அளவு கூடியது. ரோஸ்மேரிக்காரர்களுக்கு அரிப்பு குறைவு. அதற்கு முன்பே, 1998-இல் ஸ்காட்லாந்தில் ரோஸ்மேரி, தைம், லாவெண்டர், சிடார் எண்ணெய்களைக் கலந்து புழுவெட்டுக்காரர்களிடம் சோதித்ததில் 44 சதவீதம் பேருக்கு முன்னேற்றம் தெரிந்தது. வெறும் அடிப்படை எண்ணெய் தடவியவர்களில் 15 சதவீதம். இரண்டுமே கீமோ முடி உதிர்வு அல்ல. முதல் ஆய்வில் எதுவும் தடவாத ஒரு குழு இல்லை என்ற ஓட்டையும் இருக்கிறது. ஆனாலும் கீமோ முடிந்து, தலைத்தோல் ஆறி, பூனைமுடி தெரிய ஆரம்பித்தவர் "ஏதாவது செய்துகொண்டிருந்தால் மனசுக்கு நல்லது" என்று நினைத்தால் நான் இதைத்தான் கையில் கொடுப்பேன். நேரடியாக ஊற்றக்கூடாது. ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய்க்கு மூன்று நான்கு சொட்டு போதும். முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவி இரண்டு நாள் பாருங்கள். கீமோ நடக்கும்போது இதுவும் வேண்டாம். வாசனை எண்ணெய்கள் நோவுள்ள தோலில் எரியும்.

கரிசலாங்கண்ணி பற்றி எலிகளிடம் நடந்த ஆய்வுகள் உண்டு. மழித்த இடத்தில் சாறு பூசியபோது முடி சீக்கிரம் முளைத்தது. ஆனால் மழித்த எலியின் மயிர்க்கால் நலமாக இருக்கும், மேலே முடியை மட்டும்தான் எடுத்திருக்கிறார்கள். மருந்தால் அடிபட்ட மயிர்க்கால் அப்படி இல்லை. காய்ச்சி வடிகட்டிய எண்ணெயாக, கீமோ முடிந்த பிறகு தடவினால் பெரிய கெடுதல் இல்லை. பலனில் பெரும்பங்கு அடிப்படை எண்ணெயுடையதாகவே இருக்கும் என்பது என் கணிப்பு. பச்சை இலையை அரைத்துப் பூசுவதுதான் எனக்குப் பயம். மருந்து ஏறி ஏழு முதல் பதினான்கு நாள் வரை வெள்ளை அணுக்கள் அதலபாதாளத்தில் இருக்கும். அப்போது மண்ணிலிருந்து பறித்த இலை விழுதைச் சின்னச் சின்னக் கீறலும் பருவும் உள்ள தலைத்தோலில் அப்பி ஒரு மணி நேரம் ஊறவைப்பது கிருமிக்கு வாசலைத் திறந்துவிடுவது போல. செம்பருத்தி, மருதாணி, வெந்தயம் என்று எந்த விழுதுக்கும் இதே பதில்தான்.

தேங்காய் எண்ணெய்க்கு முடியை முளைக்கவைக்கும் சக்தி எல்லாம் கிடையாது. முடித் தண்டுக்குள் ஊடுருவி அதன் புரதம் கழுவுபட்டுப் போவதைக் குறைக்கும் என்பது 2003-இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. சூரியகாந்தி எண்ணெயாலும் மினரல் எண்ணெயாலும் அது முடியவில்லை. இந்தக் குணம் இருக்கும் முடியைக் காப்பதற்கு உதவும், இல்லாத முடியைக் கொண்டுவராது. கீமோ நடக்கும்போது அதற்கு வேறு வேலை: வறண்டு, செதில் செதிலாக உரியும் தலைத்தோலை ஈரப்பதத்தோடு வைப்பது. உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டுத் தேய்த்து, தலைமேல் ஒற்றி எடுத்தால் போதும். அழுத்தித் தேய்க்கக்கூடாது, இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் தோலடியில் இரத்தம் கட்டிவிடும். சின்னச் சின்னக் கொப்புளங்கள் தெரிந்தால் எண்ணெயை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

எண்ணெய்ப் பிசுக்கு பிடிக்காதவர்களுக்குக் கற்றாழை ஜெல். மொட்டைத் தலையில் தடவியதும் குளுகுளுவென்று இருக்கும், அரிப்பு அடங்கும். மடலைப் பறித்து எடுப்பதைவிட வாசனை சேர்க்காத கடை ஜெல் பாதுகாப்பானது, ஏனென்றால் தோலுக்குக் கீழே இருக்கும் மஞ்சள் பால் எரிச்சல் தரும். தேங்காய் எண்ணெயா கற்றாழையா என்றால் எனக்கு இரண்டும் ஒன்றுதான். உங்கள் தலை எதற்குச் சமாதானமாகிறதோ அது. தலைக்குக் கதிர்வீச்சும் சேர்த்து எடுப்பவர்கள் மட்டும் எதைத் தடவுவதற்கு முன்பும் அந்தப் பிரிவில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விளக்கெண்ணெய் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். கழுவத் தேய்த்தால் இருக்கிற முடியும் போகும். புருவத்துக்கும் இமைக்கும் தடவச் சொல்வார்கள். கண்ணுக்குள் வழிந்தால் தொல்லை. தாண்டிப் போகலாம்.

உள்ளுக்குச் சாப்பிடுபவை

கீமோ முடி உதிர்வோடு நேரடித் தொடர்புள்ள மூலிகை ஆய்வு என்று பார்த்தால் சிவப்பு ஜின்செங் பற்றி ஒன்று உண்டு. 2016-இல் கொரியாவில், தனியாக எடுத்து ஆய்வகத்தில் வளர்த்த மனித மயிர்க்கால்களின் மேல் சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்தை ஒத்த ஒன்றைச் செலுத்தினார்கள்; ஜின்செங் சாறு சேர்த்தவை அதைத் தாக்குப்பிடித்தன. இதைக் காட்டி கேப்ஸ்யூல் விற்கிறார்கள். நின்று யோசியுங்கள். கீமோவின் அடியிலிருந்து மயிர்க்கால் செல்லைக் காப்பாற்றும் ஒரு பொருள், இரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போனால், புற்றுச் செல்லையும் ஏன் காப்பாற்றாது? மயிர்க்காலை மட்டும் தேடிப்போய்க் காக்கும் கேப்ஸ்யூல் இன்னும் வரவில்லை.

இது வெறும் கற்பனைப் பயமும் அல்ல. கிரீன் டீயில் உள்ள பாலிஃபினால்கள் போர்டெசோமிப் என்ற புற்றுநோய் மருந்தோடு ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்கின்றன என்று 2009-இல் ஆய்வகத்திலும் எலிகளிலும் காட்டினார்கள். மனச்சோர்வுக்கு எடுக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, இரினோடெகான் என்ற கீமோ மருந்தின் செயல்படும் வடிவத்தை நோயாளிகளின் இரத்தத்தில் 42 சதவீதம் குறைத்துவிட்டது. முடி போன துக்கத்தில் இருப்பவர் அதைத் தேடி எடுப்பது நடக்கக்கூடியதே. மஞ்சளின் சத்தான குர்குமின், மார்பகப் புற்றுச் செல்களைக் கீமோ கொல்வதைத் தடுத்தது என்றும் ஒரு எலி ஆய்வு உண்டு. சமையலில் போடும் மஞ்சளைப் பற்றி நான் பேசவில்லை. ஒரு சிட்டிகை வேறு, பல மடங்கு செறிவாக்கி அடைத்த கேப்ஸ்யூல் வேறு. நெல்லிக்காயும் அப்படித்தான்: பழமாக ஒன்று சாப்பிடுவதற்கு யாரும் பயப்பட வேண்டாம், செறிவான மாத்திரையாகத் தினமும் விழுங்குவதென்றால் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

ஈரல் இன்னொரு கவலை. சீன வைத்தியத்தில் நரையை மாற்றி முடியை வளர்க்கும் என்று பெயர்பெற்றது ஹே ஷோ வூ என்ற வேர். ஈரலைக் கெடுப்பதிலும் அது நன்கு அறியப்பட்டது. டாக்சோரூபிசினையும் டோசிடாக்செலையும் உடம்பிலிருந்து கழிப்பது ஈரல்தான். அது சோர்ந்தால் மருந்து உள்ளே தங்கி நஞ்சாகும், அல்லது ஈரல் பரிசோதனை எண்ணைப் பார்த்துவிட்டு மருத்துவர் அடுத்த டோஸைத் தள்ளிப்போடுவார். முடிக்காகச் சிகிச்சையைத் தள்ளுவது யாருக்கும் கட்டுப்படியாகாது.

மூலிகை என்று எழுதிய முடி மாத்திரைகளில் பயோட்டின் என்ற வைட்டமினும் கலந்திருப்பது வழக்கம். அதிக அளவு பயோட்டின் சில இரத்தப் பரிசோதனைகளின் முடிவைத் தப்பாகக் காட்டும், மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனின் உட்பட என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-இல் எச்சரித்தது. வாரத்துக்கு வாரம் இரத்தம் கொடுத்துக்கொண்டிருப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஏற்கெனவே ஏதாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் மறைக்காமல் டப்பாவையே எடுத்துப்போய்க் காட்டுங்கள். "ஏதோ ஆயுர்வேத மாத்திரை" என்று வாயால் சொன்னால் அவரால் எதையும் சரிபார்க்க முடியாது. உள்ளடக்கப் பட்டியலைப் பார்த்தால்தான் முடியும்.

முளைக்கும்போது

கடைசி டோஸுக்குப் பின் சில வாரங்களில் மெல்லிய பூனைமுடி வரும், இரண்டு மூன்று மாதத்தில் முடி என்று சொல்லும்படி ஆகும். அதன்பின் மாதம் ஒரு சென்டிமீட்டர் கணக்கு. முன்பு நேராக இருந்தவருக்குச் சுருளாக வரலாம், நிறமும் மாறி வரலாம். பெரும்பாலும் போகப்போகப் பழையபடி ஆகிவிடும். இந்தக் கட்டத்தில்தான் பலர் மருதாணி போடலாமா என்று கேட்கிறார்கள். தலைத்தோல் முழுக்க ஆறி, இரத்த அணுக்கள் ஏறிய பிறகு சுத்தமான மருதாணித் தூள் சாயங்களிலேயே மென்மையானது. கறுப்பு மருதாணி என்று விற்பது அது அல்ல. அதில் பிபிடி என்ற ரசாயனம் கலந்திருக்கும், ஒவ்வாமையில் தலையெல்லாம் வீங்கிப்போனவர்கள் உண்டு. தூள் கறுப்பாக இருந்தாலோ, அரை மணியில் கறுப்பாகும் என்று சொன்னாலோ வாங்காதீர்கள்.

கீமோ முடிந்து ஆறு மாதமாகியும் உச்சியில் முடி நிரம்பவில்லை என்றால் எண்ணெயை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். டோசிடாக்செல், புசல்ஃபான் போன்றவற்றுக்குப் பிறகு சிலருக்கு முடி முழுசாகத் திரும்புவதில்லை. கூடவே தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு, மார்பகப் புற்றுநோய்க்குத் தொடரும் ஹார்மோன் மாத்திரை என்று வேறு காரணங்களும் இருக்கலாம். அதையெல்லாம் பிரித்துப் பார்க்கத் தோல் மருத்துவரால் முடியும். அங்கே போகும்போதும் தடவிய எண்ணெய், சாப்பிட்ட மாத்திரை எல்லாவற்றின் டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.